டிஸ்க்கில் கொள்ளாத கல்யாணம்

பூ தூவுகிற இடத்தில்தான் படம் உடைந்தது. மண்டப வாசலில் பொண்ணும் மாப்பிள்ளையும் நுழைய, இரண்டு பக்கமும் நின்றவர்கள் ரோஜா இதழை அள்ளி வீச, யாரோ ஜிகினாத் துண்டு வெடிக்கிற குழாயைத் திருகிவிட, அந்த நொடியிலிருந்து திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகிப் போய், பெனிட்டாவின் முகம் பாதி ஒரு கட்டத்திலும் பாதி இன்னொரு கட்டத்திலுமாக நின்றது. இஞ்ஞாசிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தார். பின்னால் தள்ளிப் போட்டும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் கல்யாணப் பெண்ணுக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது, முகம் இல்லை. இப்படிப் பாழாகிற டிஸ்க் இது முதலாவதும் இல்லை. பாழானவற்றை மேஜை ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார். தூக்கி எறிய மனசு வரவில்லை, உடைந்திருந்தாலும் உள்ளே இருப்பது கல்யாணம் இல்லையா. மதியம் சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்து, திரும்பிப் போகிற வழி தெரியாத விருந்தாளி மாதிரி அறைக்குள்ளேயே நின்றது. ஜன்னலைச் சாத்தலாம். சாத்தினால் புழுங்கும். மனைவி லில்லி இருந்தால் சாத்து என்பாள், சாத்தினதும் திற என்பாள், இரண்டுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் சாயங்காலம் வந்துவிடும். இப்போது சாயங்காலம் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

கொஞ்ச நஞ்சமில்லை, நாலு மணி நேரம் ஓடுகிற கல்யாணம் அது. இளையவள் பெனிட்டாவின் கல்யாணம், நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. டிஸ்க்கில் ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, இவராகத்தான் ஏற்றுகிறார். பார்க்கப் போகிறவள் மூத்தவள் ஜெசிந்தா. அவள் இருப்பது அடைப்பு மடத்தில். உள்ளே போன கன்னியர்கள் வாசற்படி தாண்டி வெளியே வராத மடம். தங்கை கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்கு அடுத்த வருஷம் அம்மா இறந்தபோதும் வரவில்லை. வரவில்லை என்று சொல்வது தப்பு, வர முடியாது என்று சொல்ல வேண்டும் என்று இஞ்ஞாசிமுத்து மனசுக்குள் திருத்திக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர்களையும் அன்றைக்கு அப்படித்தான் ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருந்தார், லில்லியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு. மடத்தில் பழைய டி.வி.டி. பிளேயர் ஒன்று இருக்கிறது. பென் டிரைவ் செருகினால் அது எடுக்காது. மடத்துத் தலைவி, எல்லோரும் மதர் என்று கூப்பிடுகிற வயசான மலையாளத்து அம்மா, திருவிழா அன்றைக்கு எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கிறோம், ஒரு டிஸ்க் அனுப்புங்கள் அப்பா என்று போனில் சொன்னார். ஒரு டிஸ்க் என்றால் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்ற அர்த்தத்தில் சொன்னதா, பேச்சுவாக்கில் வாயில் வந்த ஒன்றா என்று இஞ்ஞாசிமுத்துவுக்கு அன்றிலிருந்து யோசனை. திருப்பிக் கேட்கவில்லை. கேட்கப் போய், கஷ்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள் அப்பா என்று அவர் சொல்லிவிட்டால்?

அதனால் ஒன்றுக்குள் அடக்க வேண்டும். டிஸ்க் எவ்வளவு கொள்ளும் என்பது அதன் உறையிலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படம் ஓடுகிற நேரத்தால் வகுத்தால், ஒரு விநாடிப் படத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று விடை வரும். அதற்குப் பேர் பிட்ரேட். அதிகமாகக் கொடுத்தால் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் பாதிக் கல்யாணத்திலேயே டிஸ்க் நிரம்பிவிடும். குறைத்துக் கொடுத்தால் முழுக் கல்யாணமும் கொள்ளும், ஆனால் பூ தூவும்போது பெண்ணுக்கு முகம் இருக்காது. பொன்மலை ரயில்வே பட்டறையில் மின்சாரப் பிரிவில் தலை நரைத்த மனிதருக்கு வகுத்தல் ஒரு கணக்கா. கணக்கு சரியாகத்தான் வந்தது. முகம்தான் வரவில்லை. கல்யாணத்தைப் படம் எடுத்த மெல்கியோர் ஸ்டூடியோவை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போகுமுன் இவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கில் ஏற்றுகிற புரோகிராமைப் போட்டுக் கொடுத்து, பொறுமையாகச் சொல்லியும் கொடுத்துவிட்டுப் போனார். ஆடாமல் அசையாமல் இருப்பதற்குக் கொஞ்சம் போதும் சார், போன நொடியில் என்ன இருந்ததோ அதுவேதான் இந்த நொடியிலும் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும். ஆடுவது, பறப்பது, மினுங்குவது, கூட்டம், இதற்கெல்லாம்தான் அள்ளிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டபோது இஞ்ஞாசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. மெல்கியோர் போன பிறகு சிரிப்பு போய்விட்டது. போன நொடியில் இருந்ததுவே இந்த நொடியிலும். காலையில் பூசை, வரும்போது இட்லி, பேப்பர், மோர் சாதம், தூக்கம் வராத மதியத் தூக்கம். லில்லி போன பிறகு உள்ள நாள் மொத்தத்தையும் ஓரத்தில் ஒரு பொட்டு இடத்தில் எழுதிவிடலாம், மிச்ச டிஸ்க் காலியாகக் கிடக்கும்.

பந்தியைக் குறைக்கலாம். யாருக்கு வேண்டும் பந்தி. வாயைத் திறந்து பிரியாணியை உள்ளே தள்ளுகிறவர்களை அடைப்பு மடத்துக் கன்னியர்கள் எதற்காகப் பார்க்க வேண்டும், அவர்கள் கறியே தொடுவதில்லை. ஆனால் பந்தியில் அந்தோனியார் கோவில் தெரு அத்தை உட்கார்ந்திருக்கிறாள், ஜெசியைத் தூக்கி வளர்த்தவள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சரி, அத்தை இருக்கட்டும், அத்தைக்கு அந்தப் பக்கம் வெட்டலாம். அந்தப் பக்கம் ஜெசியோடு கல்லூரியில் சேர்ந்து படித்த பெண் கையில் குழந்தையோடு நிற்கிறாள். அதைப் பார்த்தால் ஜெசிக்குச் சந்தோஷமா, வேறு ஏதாவதா. வேறு என்ன. அவள் அதையெல்லாம் வேண்டாம் என்றுதானே போனாள். வேண்டாம் என்று போனவளுக்கு எதற்கு இதை அனுப்புகிறாய் என்று எவனோ உள்ளேயிருந்து கேட்டான். கேட்கிறவன் தினமும் மதியம் இந்த நேரத்துக்குத்தான் வருவான். அவள் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். மடத்தில் பார்க்கப் போகிறவர்களுக்கும் கன்னியர்களுக்கும் நடுவில் அடித்திருக்கிற கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு தடவைகூட, கல்யாணம் எப்படி நடந்தது, படம் இருக்கிறதா, நான் பார்க்கலாமா என்று வாய் திறக்கவில்லை. இவர்தான் மதருக்குப் போன் போட்டார். இவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். மதர் சரி என்றது ஒருவேளை பரிதாபத்தினாலோ. பெண்டாட்டியும் இல்லாமல் ஒற்றை ஆளாகக் கிடக்கிற மனிதன் ஏதோ ஆசைப்படுகிறார், போகட்டும் என்றோ.

அவளைக் கொண்டுபோய் விட்டதும் இவர்தான். லில்லி வரவில்லை. பிரசவ வார்டுக்கு நான் வந்தேன், அடக்கத்துக்கு நீங்களே போயிட்டு வாங்க என்று லில்லி அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள், அதைப் பெண்ணின் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். பஸ்ஸில் ஜெசி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள், வழியெல்லாம் வெயில், கொய்யாப்பழம் வாங்கி இரண்டு பேரும் தின்றார்கள், மடத்து வாசலில் இறங்கியபோது அவள் கையில் இன்னும் கொய்யா வாசனை. கதவு திறந்தது. அவள் அப்பா என்று ஒரு தடவை சொல்லிக் காலைத் தொட்டாள். பிறகு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்பது இவருக்கு இன்றுவரை தெரியாது, ஏனென்றால் இவர்தான் முதலில் திரும்பிவிட்டார். அழுகிற முகத்தைக் காட்டக் கூடாது என்று திரும்பினார், திரும்பியதும் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, கனமான கதவு ஆனால் மெதுவாகத்தான் சாத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் லில்லி சோறு போட்டாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பெயர் வரவேயில்லை. இவர் மடத்துக்குப் போய்வருகிற நாட்களில் லில்லி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், இல்லாவிட்டால் தலைவலி என்று படுத்துவிடுவாள். சிறுநீரகம் கெட்டுக் கால் வீங்கி, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த கடைசி மாதங்களிலும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து முதல் தடவை கம்பிக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தபோது, சிரித்த முகம் கொஞ்சம் சுருங்கி, கீழே பார்த்துக்கொண்டு ஜெசி கேட்டது அது ஒன்றைத்தான். "அம்மா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாப்பா?" இஞ்ஞாசிமுத்து பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. மடத்து வாசலில் இருக்கிற புங்க மரத்தடியில் வெகுநேரம் நின்றார், பஸ் வந்தது, போனது, அடுத்தது வந்தது.

எதை வெட்டுவது என்று முடிவு செய்ய, மெல்கியோர் ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்த வெட்டாத படத்தைத் திறந்தார். கேமராவில் எடுத்தது எடுத்தபடி இருக்கும் அது. இத்தனை நாளும் அதைத் திறந்ததில்லை. ஸ்டூடியோவில் செய்து கொடுத்த படத்தைத்தான் பார்த்திருக்கிறார், அதில் முதலிலிருந்து கடைசி வரை பாட்டு, யார் என்ன பேசினாலும் பாட்டுதான் கேட்கும், வாய் மட்டும் அசையும். இதில் பாட்டு இல்லை. திறந்ததும் வீடு நிறையச் சத்தம். நாற்காலி இழுக்கிற சத்தம், மைக் கீச்சிடுவது, யாரோ தும்முவது, செருப்பு, எவனோ தண்ணி கேன் எங்கடா என்கிறான். இஞ்ஞாசிமுத்து சத்தத்தைக் குறைக்கப் போனவர் குறைக்காமல் விட்டார். வீட்டில் இத்தனை பேர் குரல் கேட்டு எவ்வளவு நாளாகிறது. கோவில், பூசை, சுவாமியார் பிரசங்கத்தில் கொட்டாவியை அடக்குகிற மாப்பிள்ளையின் மாமா, எல்லாம் ஓடியது. எதைப் பார்த்தாலும் கை தன்னால் கணக்குப் போட்டது, இது பீடம், அசையாது, இதற்குக் குறைத்துக்கொள்ளலாம். இது பாடற்குழு, இருபது பேரும் விசிறிக்கொண்டு நிற்கிறார்கள், இது இழுக்கும். பிறகு மண்டபம் வந்தது. மேடையில் குடும்பப் படம் எடுக்க நிறுத்துகிறார்கள். நடுவில் பொண்ணு மாப்பிள்ளை, அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டார், இந்தப் பக்கம் பெனிட்டாவை ஒட்டி லில்லி. பட்டுச் சேலை, அதற்குக் கீழே ரப்பர் செருப்பு, வீங்கின காலுக்கு வேறெதுவும் ஏறவில்லை அன்றைக்கு. லில்லிக்கு அடுத்து ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அதற்கு அடுத்து இஞ்ஞாசிமுத்து. அதாவது இஞ்ஞாசிமுத்துவின் முதுகு, ஏனென்றால் அவர் திரும்பி நின்று கீழே யாரையோ கையைக் காட்டி மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெல்கியோரின் குரல் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து பெரிசாகக் கேட்டது, அம்மா, அப்பா பக்கத்துல கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, நடுவுல கேப் விழுது. லில்லி நகரவில்லை. மெல்கியோர் இன்னொரு தடவை சொன்னார். லில்லி கேமராவைப் பார்த்து, அவள் எப்போதும் கடைக்காரரிடம் பேசுகிற அந்தத் தணிந்த கறாரான குரலில் சொன்னாள்.

"இருக்கட்டும் தம்பி. அது மூத்தவளுக்கு."

இஞ்ஞாசிமுத்து படத்தைப் பின்னால் ஓட்டினார். மறுபடி கேட்டார். இன்னும் பின்னால் ஓட்டினார். அது மூத்தவளுக்கு. பக்கத்தில் நின்ற மனுஷன், கையெட்டும் தூரத்தில் நின்ற மனுஷன், முதுகைக் காட்டிக்கொண்டு மதுரைச் சம்பந்தியின் சித்தப்பாவை மேடைக்கு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்தச் சித்தப்பா யாரென்றுகூட இப்போது நினைவில்லை. லில்லியின் தலையில் மல்லிகைப் பூ கொஞ்சம் சரிந்திருந்தது. அவள் மூச்சு வாங்குவதை மறைக்க வாயை மூடிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் அந்த இடத்தை விட்டுக்கொண்டு நின்றாள், நிற்கவே முடியாத காலோடு. படம் எடுத்து முடிந்தது, எல்லோரும் கலைந்தார்கள், அந்த இடத்தில் யாரோ வந்து யாரையோ கட்டிப்பிடித்தார்கள். ஸ்டூடியோ செய்து கொடுத்த படத்தில் இந்த இடத்தில் பாட்டு ஓடுகிறது, படத்தின் ஓரத்தையும் வெட்டி நடுவை மட்டும் பெரிசாக்கியிருக்கிறார்கள், லில்லியே பாதிதான் தெரிகிறாள். இவர் ஏற்றி ஏற்றிப் பாழாக்கிய டிஸ்க்குகளில் அந்தப் பாதியும் கட்டம் கட்டமாக இருக்கிறது. இதை நல்லபடியாக எழுத வேண்டும். இதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் கொடுக்க வேண்டும். அசையாமல் நிற்கிறவளுக்குக் கொஞ்சம் போதும் என்று அந்த புரோகிராம் சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் இதை எல்லோருக்கும் நடுவில் வைத்தா அவள் பார்ப்பாள். கன்னியர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, எழுந்து வெளியே போகவும் முடியாமல், முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள். இதைப் போடாமல் விட்டு, அடுத்த தடவை போகும்போது வாயால் சொல்லலாம். சொல்லலாம். இவர் வாயால் சொல்லி எது முழுசாக வெளியே வந்திருக்கிறது.

பெனிட்டாவைக் கூப்பிட்டார். மஸ்கட்டில் அவள் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு, என்னப்பா இந்த நேரத்துல, உடம்புக்கு ஒன்னுமில்லையே என்றாள். டிஸ்க் கொள்ளாத கதையை முதலில் சொன்னார். அவள், எதுக்குப்பா எல்லாத்தையும் போடுறீங்க, தாலி கட்டுறதையும் கோவிலையும் மட்டும் போடுங்க, அம்மா ரப்பர் செருப்போட நிக்கிறதெல்லாம் வேண்டாம், அக்கா தாங்க மாட்டா என்றாள். அப்போது இவர் வெட்டாத படத்தைப் பார்த்ததையும் லில்லி சொன்னதையும் சொன்னார்.  

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் பெனிட்டா. "நான் அம்மாவை ஒட்டித்தான நின்னேன்."

ஏன் சொல்லவில்லை என்பதையும் அவளே சொன்னாள். குரலில் கோபம் இல்லை, பழைய கோபம் ஒன்று காய்ந்து போன தடம் மட்டும் இருந்தது. என் கல்யாணத்தன்னிக்கும் அம்மா அவளுக்குத்தான் இடம் போட்டு வச்சாங்க, அன்னிக்கு ராத்திரி அதை நினைச்சு அழுதேன், அவர்கூடக் கேட்டார் ஏன் அழுறேன்னு, அப்பாவை விட்டுட்டு வர்றேன்ல அதான்னு சொன்னேன் என்றாள். பிறகு, போடுங்கப்பா, அவளுக்குப் போகவேண்டியதுதான அது, ஆனா நல்லாத் தெரியற மாதிரிப் போடுங்க, பாதி தெரிஞ்சு பாதி தெரியாம இருந்தா அதைவிடக் கொடுமை வேற இல்ல என்றாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள். இஞ்ஞாசிமுத்து போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களைப் பெற்றேன், இரண்டு பேரும் ஒவ்வொன்றை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், பெற்றவளும் ஒன்றை வைத்துக்கொண்டு போய்விட்டாள், நடுவில் நான் பட்டறைக்குப் போய்வந்துகொண்டு, கரண்ட் பில் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரியும் என்ற மாதிரி நடமாடியிருக்கிறேன். சிறிய பெண் அழுதது தெரியாது. மனைவி இடம் விட்டு நின்றது தெரியாது. பெரியவள் திரும்பிப் பார்த்தாளா என்பதும் தெரியாது. எல்லாவற்றுக்கும் முதுகு.

அந்த நினைப்பு கொடுத்த துணிச்சலோ என்னவோ, மடத்துக்குப் போன் போட்டார். இரண்டு டிஸ்க் அனுப்பலாமா என்று கேட்டுவிடுவது, வேண்டாம் என்றால் வேண்டாம். மணி வெகுநேரம் அடித்தது. அங்கே மதியம் மௌன நேரமாக இருக்குமோ, வைத்துவிடலாமோ என்று விரலை எடுத்துக்கொண்டு போனபோது மதர் எடுத்தார். நல்லா இருக்கீங்களா அப்பா, மழை உண்டா அங்கே என்று கேட்டார். இவர் சுற்றி வளைத்து, கல்யாணம் நாலு மணி நேரம் ஓடுகிறது, ஒன்றில் போட்டால் தெளிவாக இல்லை, இரண்டாகப் போட்டால் தெளிவாக இருக்கும், அல்லது ஒன்றிலேயே எப்படியாவது, என்று இழுத்தார். மதர் சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். அய்யோ அப்பா, நாலு மணி நேரமா, எங்களுக்குப் பேசிச் சிரிக்க விட்டிருக்கிறதே ஒரு மணி நேரம்தான், திருவிழாவுக்கும் அதுதான், ஒரு மணி நேரத்துக்குப் போட்டு அனுப்புங்க போதும் என்றார். இஞ்ஞாசிமுத்து சரிங்க மதர் என்றார். அவ்வளவு நாள் போட்ட கணக்கும் பாழாக்கிய டிஸ்க்குகளும் கண் முன்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கின. முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்த ஒரு கேள்விக்காக ஒரு கல்யாணத்தையே நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். வைக்கப் போகும்போது மதர், உங்க மகளைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா என்றார். படம் வருகிறது என்று சொன்னபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து நின்று ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டாள். "அதுல எங்கப்பா இருப்பாரான்னு கேட்டா."

இருப்பார் என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகு தேட ஆரம்பித்தார். வெட்டாத படத்தை முதலிலிருந்து ஓட்டி ஓட்டி, கல்யாணம் முழுக்க ஒரு மனுஷனைத் தேடினார். கோவில் வாசலில் வெள்ளைச் சட்டை ஒன்று குறுக்கே ஓடியது, அது இவர்தான். பந்தியில் இலைக்கு மேல் ஒரு கை நீண்டு தண்ணீர் பாட்டிலை வைத்தது, மோதிரத்தைப் பார்த்தால் இவர் கை. யாரோ கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்கள், பின்னால் ஒரு வழுக்கை. பெனிட்டாவைக் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற இடம் ஒன்று உண்டு, அதில் கட்டாயம் இருப்பார் என்று ஆசையாக ஓட்டினார். அங்கே மெல்கியோர் பெண்ணின் முகத்தையும் சேலைக் கரையையும் கையில் இருந்த பூச்செண்டையும்தான் எடுத்திருந்தார், அப்பன் தோளோடு வெட்டுப்பட்டு நடந்துபோனான். சரிதான். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவனை யார் எடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறவன் எதிலும் இருக்க மாட்டான். ஒரு மணி நேரத்துக்கான துண்டுகளைத் தேர்ந்தெடுத்து வரிசையாக வைத்தார். கோவில், தாலி, அத்தை, கல்லூரித் தோழி குழந்தையோடு, பூ தூவுவது, லில்லி. கையை இழுத்துப் பிடிக்காமல் வைத்தார். வைத்த பிறகும் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, டிஸ்க்கிலோ இடம் ஏகத்துக்கு மிச்சம். பிட்ரேட் கேட்கிற இடத்தில் அந்த புரோகிராம் அனுமதிக்கிற உச்சத்தை வைத்தார். அதைத் தள்ளி வைக்கும்போது பழக்க தோஷத்தில் விரல் தயங்கியது. பிறகு ஓட்டிப் பார்த்தார். இதழ்கள் இதழாகவே விழுந்தன. பெனிட்டாவின் முகத்தில் ஒன்று வந்து ஒட்ட, அவள் அதை ஊதித் தள்ளினாள். அவள் அப்படி ஊதினதை இவர் பார்த்ததே இல்லை.

மிச்சமிருந்த நேரத்துக்கு என்ன செய்வது என்பது தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவினார், சட்டை மாற்றினார், மாற்றின சட்டை ரொம்பப் புதுசாகத் தெரிய, பழையதையே திரும்பப் போட்டுக்கொண்டார். வீடியோவில் பேசுவதற்காகப் பெனிட்டா வாங்கி மானிட்டர் மேல் மாட்டிவிட்டுப் போன கேமராவை இயக்கினார். திரையில் ஒரு கிழவர் தோன்றினார். காது பெரிசாக இருந்தது. கன்னியர்கள் எல்லோரும் இருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு, அன்பான சிஸ்டர்களே என்று ஆரம்பித்தார். பங்குக் கோவிலில் நன்றியுரை வாசிக்கிற குரல் வந்தது. நிறுத்தி அழித்தார். இரண்டாவது தடவை, ஜெசி, அப்பா நல்லா இருக்கேன், உடம்புக்கு ஒன்னுமில்ல, நேரத்துக்குச் சாப்பிடுறேன் என்றார். பார்த்தார். இப்படித்தான் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை வருஷமும் பேசியிருக்கிறார், அவளும் சிரித்துக் கேட்டிருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரை ஒருவர் பத்திரமாக வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அதையும் அழித்தார். மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தினார். பேச்சு எங்கிருந்தோ வந்தது.

"ஜெசி, நீ ஒன்னு கேட்ட. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு அப்ப பதில் தெரியாதும்மா, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எனக்கு அடுத்து அம்மா வருவா. அவளே சொல்றா, கேட்டுக்கோ."  நிறுத்திவிடலாம் என்று தோன்றியது, இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் வாய் நிற்கவில்லை. "வீடு பெருசாப் போச்சும்மா. அதைத்தான் சொல்லணும். நீ அங்க இருக்கிறதைத் தப்புன்னு சொல்லல, தங்கச்சி அங்க இருக்கிறதையும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் இருந்தப்ப இடமே பத்தலன்னு சண்டை போடுவீங்க. இப்ப ஒரு ரூம்ல லைட்டப் போட்டா இன்னொரு ரூம் இருட்டா இருக்கு. ரெண்டுலயும் போட்டுட்டு உக்காந்திருக்கேன். அவ்வளவுதான். சிஸ்டர்ங்க எல்லாரும் மன்னிக்கணும்."

சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி, பக்கத்து வீட்டு அம்மா வாளியை வைக்கிற சத்தம். அப்போது பட்டறைச் சங்கு ஊதியது. வேலை விடுகிற சங்கு, தெருவையும் வீட்டையும் ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டு நீளமாக ஊதியது. இஞ்ஞாசிமுத்துவின் தலை தன்னால் ஜன்னல் பக்கம் திரும்பி, பிறகு கேமராவுக்குத் திரும்பியது. அந்தச் சங்கைக் கேட்டுத்தான், அப்பா வந்துவிடுவார் என்று, இரண்டு பெண்களும் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு ஓடிவருவார்கள். அங்கே மலைப்பக்கத்து மடத்தில் அவளுக்கு இது கேட்டிருக்காது, இத்தனை வருஷமாகக் கேட்டிருக்காது. சங்கு முழுசாகப் பதிவாகட்டும் என்று முடிகிற வரைக்கும் காத்திருந்தார்.  நிறுத்துகிற பொத்தானுக்குக் கையை நீட்டியவர், நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அவள் பார்க்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.